கசிவு

காலையில் முதல் வேலை சீப்பை ஒளித்து வைப்பது.
கையில் அகப்பட்டால் பழக்கத்தில் வாரிவிடுவேன்.
பிடரிக்கு நாலு விரல் மேலே, வலப்பக்கம்,
ஏதோ ஒரு மயிர்க்காலின் அடியில் இருக்கிறது அது.
தொட்டால் வரும். தொடாமலும் வரும்.
காதைச் சுற்றிக்கொண்டு போய்
கண்ணுக்குப் பின்னால் அணையும்.
ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் முடிந்துவிடும்.
அடுத்தது எப்போது என்பதுதான்
மீதி நாள் முழுக்க.

மின்வாரியத்தில் கணக்கெடுப்பவள் நான்.
கானாடுகாத்தானில் பதினோரு தெரு.
"கரண்டு ஆபீசுக்காரிக்கே ஷாக்கா?"
முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
காது மடல் அசைந்ததில், வந்தது.

நிஜ ஷாக் எனக்குத் தெரியும்.
வேலைக்குச் சேர்ந்த வருஷம், பள்ளத்தூரில்
ஈரச் சுவரில் கை ஊன்றினேன்.
அது உதறித் தள்ளும், தள்ளிவிட்டால் போச்சு.
லைன்மேன் சேவுகன் ஓடிப்போய்
ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினான்.
இதற்கு எந்தக் கட்டையைப் பிடுங்க?

ஹெல்மெட் போட முடியாது.
"தலைவலிக்கெல்லாம் விலக்கு இல்லம்மா"
என்றார் ரசீது கிழித்த போலீஸ்காரர்.
தலைவலி இல்லை சார் என்று சொல்ல வாய் திறந்து
தாடை அசையுமே என்று மூடிக்கொண்டேன்.
அன்றிலிருந்து நடை.

இருட்டில் அவர் கை என் தலைவரை வந்து
ஞாபகம் வந்து தோளுக்கு இறங்கும்.
வலியைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன்,
இறங்குகிற அந்தக் கையைத்தான் முடியவில்லை.

மதுரையில் படம் எடுத்தார்கள். படம் சுத்தம்.
"ஒண்ணுமே இல்ல, சந்தோஷப்படுங்க."
சந்தோஷப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினேன்
திருப்பத்தூர் வரை.
அடுத்த மாதம் வேறொரு டாக்டர்
பேசாமல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.
அலறினேன்.
"இங்கதான்" என்றார்.
அவர் போட்ட ஊசி பத்தொன்பது நாள் தாங்கியது.
பத்தொன்பது நாளும் பூ வைத்தேன்,
தேவைக்கு மேலேயே.
இருபதாம் நாள் ரேஷன் கடை மின்விசிறிக் காற்று.

மேலத்தெருவில் ஒரு வீடு, மூன்று வருஷமாய்ப் பூட்டு.
அட்டையில் சுழி சுழியாய் எழுதிவந்த வீடு.
இந்தத் தடவை இருநூற்றுப் பதினாலு யூனிட்.
கோலாலம்பூரிலிருந்து வீட்டுக்காரர் அடைக்கப்பன் பேசினார்:
"அங்க ஒரு லைட்டு எரியலையே.
உங்க மீட்டர்தான் கோளாறு."
போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டு சொன்னேன்:
"வெளிய தெரியாதுங்க.
எரிஞ்சாத்தான் போகுதுன்னு இல்ல.
உள்ள எங்கயோ போய்க்கிட்டிருக்கு."
குரல் ஏறிவிட்டது போல.
சேவுகன் திரும்பிப் பார்த்தான்.

சாவி வந்தது. உள்ளே
முட்டைவெள்ளைப் பூச்சில் முகம் தெரிந்தது.
ஒரு கீறல் இல்லை.
பர்மாத் தேக்குத் தூண்கள்
நேற்று நட்டதுபோல் நின்றன.
டெஸ்டரோடு சுவர் சுவராகப் போனான் சேவுகன்.
நான் பின்னால், தலையைத் திருப்பாமல்
உடம்போடு திரும்பி, திரும்பி.
இரண்டாம் கட்டு தாண்டி, அடுப்படிப் பக்கம்
டெஸ்டருக்குள் சின்னதாய் ஒரு சிவப்பு.

"இங்கதான்" என்றான்.

மழை இறங்கிய இடம். பூச்சுக்கு அடியில் பழைய ஒயர்.
மெயினை இறக்கினான்.
ஏற்கனவே அமைதியாய் இருந்த வீடு
இன்னும் கொஞ்சம் அமைதியானது.
அல்லது எனக்கு அப்படி.
அங்கேயே நின்றிருப்பேன், அவன் கூப்பிடாவிட்டால்.

வெளியே வரும்போது படியில் கால் இடறி, வந்தது.
நிலையைப் பிடித்துக்கொண்டேன்.
"எத்தனை வோல்ட்டு?" என்று
வழக்கமாய்க் கேட்பான். கேட்கவில்லை.

அடுத்த வீட்டு மீட்டர் உயரத்தில் இருந்தது.
அண்ணாந்தால் எனக்கு வரும்.
அவன் அண்ணாந்தான்.
ஒவ்வொரு எண்ணாய், சத்தமாய்,
அந்தத் தெரு முடியும்வரை அவன் படித்தான்.
நான் எழுதினேன்.